லோயர் ஐயா கேட்ட கேள்வி

மாத்தளை நீதிமன்றக் கூண்டில் என் கணவர் கைகட்டி நின்ற காலைப்பொழுது இன்னும் என் கண்ணுக்குள் இருக்கிறது. வேலை பார்த்த தோட்டத்தில் மிளகு மூட்டையைத் திருடினார் என்று வழக்கு. அவர் எடுக்கவில்லை. ஆனால் குற்றத்தை ஏற்கிறாயா என்று நீதவான் சிங்களத்தில் கேட்டதும், மொழிபெயர்ப்பாளர் வாய் திறப்பதற்குள், "ஔ மாத்தயா", ஆமாம் ஐயா, என்றுவிட்டார். தோட்டத்துத் துரை என்ன கேட்டாலும் ஆமாம் சொல்லியே பழகிய நாக்கு. பெரிய மனிதர் முன்னால் அதற்கு வேறு சொல் வராது. அவர் சிறைக்குப் போனால் தோட்டம் குடியிருக்கக் கொடுத்த லயத்து அறையும் போய்விடும். பிள்ளைகளோடு நான் எங்கே போவேன்?

வேறொரு வழக்குக்காக வந்திருந்த உக்குவளை லோயர் ஐயா அப்போதுதான் எழுந்தார். எங்களுக்கு அவரை முன்பின் தெரியாது. குட்டையான மனிதர், கோட்டு முழங்கையில் தையல் விட்டிருந்தது. நீதவானிடம் அனுமதி வாங்கிக்கொண்டு, அதே சிங்களத்தில், அதே மிடுக்கோடு கேட்டார்: அலுவிகாரை மலைப்பாறையையும் நீதான் தூக்கிக்கொண்டு போனாயா?

"ஔ மாத்தயா" என்றார் இவர்.

மன்றமே சிரித்தது. லோயர் ஐயா சிரிக்கவில்லை. நீதவான் பேனாவை வைத்துவிட்டு, தமிழில் மறுபடி கேட்கச் சொன்னார். இவருக்காகக் குற்றத்தை மறுத்து, அந்த வழக்கை ஐயாவே எடுத்து நடத்தி, இவரை விடுவித்தார்.

அன்று வெளியே வந்ததும் ஐயா இவர் தோளைத் தொட்டு, "எல்லாரும் உங்களப் பார்த்து சிரிக்கிற மாதிரி பண்ணிட்டேன், மனசுல வச்சுக்காதீங்க. இனிமே யார் கேட்டாலும், இல்லைன்னா இல்லைன்னு சொல்லுங்க" என்றார். எங்கள் வீட்டுக்காரரை அப்படிப்பட்டவர் 'நீங்க' என்றதற்கே நான் அழுதுவிட்டேன்.

அதன்பிறகு வீட்டில் நான் எதைக் கேட்டாலும் இல்லை என்று சொல்லப் பழகிக்கொண்டார். அது என் தலையெழுத்து. வெளியே மட்டும் அந்தச் சொல் வரவே இல்லை.

போன பிரதேச சபைத் தேர்தலில் ஐயா நின்றார். நின்றது, காணி தருகிறோம் என்று எங்களை ஏமாற்றிய கட்சியில். ஆட்களோடு லயத்துக்கு வந்து, "என்ன, நமக்கு ஓட்டு உண்டுதானே?" என்று இவரிடம் கேட்டார்.

இவர் தலையைக் குனிந்துகொண்டார். "இல்லைங்க ஐயா. உங்களுக்கு உசுரக் கேட்டாலும் குடுப்பேன். அந்தக் கட்சிக்குப் போட மாட்டேன்."

எனக்கு நின்ற இடத்திலேயே உயிர் போயிற்று. கூட வந்தவர்கள் முகம் சுளித்தார்கள். ஐயா இவரையே பார்த்தார். கண் கலங்கியிருந்தது. பிறகு அவர்கள் பக்கம் திரும்பி, "நான் ஜெயிச்ச கேஸ் இதுதான்" என்றார்.