கருகமணியில் ஏறிய வெள்ளை

சிங்கப்பூர் பஃபலோ ரோட்டு நகைக்கடை திறந்து பத்து நிமிடம்கூட ஆகவில்லை. ஆமினா பீவி தன் மருமகளுக்கு நிக்காஹ்வில் கட்டிய தங்கக் கருகமணிச் சங்கிலியைக் கண்ணாடி மேசைமேல் விட்டெறிந்தார்.

"போன மாசம் கொக்கி அறுந்துச்சுன்னு இங்கதான் குடுத்தோம். நல்ல தங்கத்த உருவிக்கிட்டு வெள்ளியில முலாம் பூசிக் குடுத்திருக்கான் உங்க ஆசாரி. கூப்பிடுங்க அந்தத் திருடன!"

பின்னறையில் பட்டறைப் பலகைமுன் உட்கார்ந்திருந்த ரத்னவேலுக்குக் கடைசிச் சொல் சுருக்கென்று தைத்தது. இருபத்தைந்து வருடத்துக்கு முன் வேறொரு கடையில் இதே சொல்லால்தான் வேலை போனது. அரை கிராம் தங்கம் காணவில்லை என்று விரட்டினார்கள். ஒரு மாதம் கழித்துப் பலகை இடுக்கில் அது கிடைத்தது. அவரிடம் வந்து மன்னிப்புக் கேட்கத்தான் ஆளில்லை. அன்று பிடித்த வழக்கம் இது: எடை, பழுது, பழுதுக்குக் காரணம், மூன்றையும் சீட்டில் எழுதி நகை கொண்டுவந்தவரின் கையெழுத்து வாங்காமல் எந்த நகையையும் தொடமாட்டார். முசுடு என்பார்கள். சுவா சூ காங்கில் அவர் குடியிருக்கும் புளோக்கு லிஃப்டில்கூட யாரும் அவரிடம் வாயைக் கொடுப்பதில்லை.

எழுந்து வெளியே வந்தார். முதலாளி ரமணன் முகத்தைத் திருப்பிக்கொண்டார்.

"ரத்னம், இதுக்குப் பதில் சொல்லுங்க. இல்லேன்னா நாளைலேருந்து வர வேணாம்."

இருபது வருடம் இங்கே போட்ட வேலைக்கு மரியாதை அவ்வளவுதான்.

ரத்னவேல் சங்கிலியைத் தூக்கிப் பார்த்தார். கழுத்தில் படும் இடமெல்லாம் திட்டுத் திட்டாக வெள்ளை. கொக்கியோரம் அவர் பற்றவைத்த வளையம் அப்படியே இருந்தது. தராசில் வைத்து, போன மாதச் சீட்டை எடுத்து ஒப்பிட்டார்.

"போன மாச எடைக்கு இப்ப ஒரு பொட்டு கூட இருக்கு. உருவினவன் எடையக் கூட்டியா குடுப்பான்?"

"அப்ப நீங்க எங்களுக்கு விக்கும்போதே போலி!" என்றார் ஆமினா பீவி.

ரமணன் பதறி வாசலைப் பார்த்தார். ரத்னவேலோ ஆமினா பீவியின் பக்கத்தில் நின்ற மருமகள் ரஷீதாவைப் பார்த்தார். முகமும் கழுத்தும் சுண்ணாம்பு அடித்த சுவர். காதும் கையும் வேறு நிறம்.

"ஏம்மா, மூஞ்சிக்கு என்ன கிரீம் போடுற?"

"பொம்பளப் புள்ளகிட்ட கேக்குற கேள்வியாய்யா இது?" ஆமினா பீவி மேசையைத் தட்டினார்.

"இந்த வெள்ளை பாதரசம்" என்றார் ரத்னவேல். "தங்கத்தைக் கண்டா உள்ள ஏறி வெள்ளையாக்கிடும், எடையும் கூடும். திட்டு அவ கழுத்துல படுற இடத்துல மட்டும்தான் இருக்கு. செவக்க வைக்கிற கிரீம்ல அதைக் கலந்து விக்கிறானுங்க. நீங்க என்னைத் திருடன்னு சொன்னீங்க, நான் கேக்கத்தான் செய்வேன்."

"அவ ஒன்னும் போடறதில்ல. சொல்லு புள்ள."

ரஷீதா முன்னால் வந்தாள். கைப்பையைத் திறந்து, பெயரில்லாத சிறு டப்பா ஒன்றை எடுத்து மேசைமேல் வைத்தாள்.

"மாமிதான் வாங்கிக் குடுத்தாங்க. நிக்காஹ் ஆன மறுவாரமே. நான் கறுப்பா இருக்கேனாம், சொந்தக்காரங்க முன்னாடி அசிங்கமா இருக்காம். மொத வாரம் அவங்களே தேய்ச்சு விட்டாங்க."

"வாயப் பொத்துடி!"

"அவங்க மோதிரத்தையும் பாருங்க ஆசாரி."

ஆமினா பீவி சட்டென்று கையை முந்தானைக்குள் இழுத்துக்கொண்டார். மோதிரத்தில் ஏறியிருந்த வெள்ளையை அதற்குள் எல்லாரும் பார்த்துவிட்டார்கள்.

"சரி சரி," ரமணன் குழைந்தார். "ரத்னம், லேசா சூடு காட்டிப் போக்கிக் குடுத்துடுங்க லா."

"அந்தப் புகைய யாரு முழுங்குறது? நானா? நெருப்புல காட்டுனா விஷம். சுத்திகரிக்கிற எடத்துக்கு அனுப்பி உருக்கி எடுத்தா தங்கம் திரும்பிடும்." ரஷீதாவிடம் திரும்பினார். "ஒடம்பு அப்படி இல்ல. டப்பாவ எடுத்துக்கிட்டு டாக்டர்கிட்ட போ, இன்னிக்கே."

பிறகு சீட்டை எடுத்து எழுதினார். ஆமினா பீவி பக்கம் தள்ளினார்.

"கையெழுத்துப் போடுங்க."

"கண்ணாடி கொண்டு வரல. என்ன எழுதியிருக்குன்னு தெரியாம போடமாட்டேன்."

"போடாம சங்கிலிய அனுப்ப மாட்டேன். கொண்டு போய் அப்படியே மாட்டுங்க."

கடையில் இதற்குள் நாலைந்து பேர் கூடிவிட்டார்கள். ரஷீதா சீட்டைக் கையில் எடுத்தாள்.

"நான் வாசிக்கிறேன் மாமி. நல்லாக் கேட்டுக்குங்க." வாசல்வரை கேட்கும்படி வாசித்தாள். "பழுது, சங்கிலி வெள்ளையானது. காரணம், மாமியார் வாங்கித் தந்த கிரீம். ஆசாரி திருடவில்லை."

ஆமினா பீவி யார் முகத்தையும் பார்க்காமல் பேனாவைப் பிடுங்கிக் கிறுக்கினார். ரத்னவேல் சீட்டை ஊதி மையை உலர்த்தினார். முதலாளியின் மூக்கருகே ஒருமுறை நீட்டிக் காட்டிவிட்டு, சட்டைப்பையில் வைத்துக்கொண்டு உள்ளே போனார்.