பிட்டுப் பார்த்த பர்கர்

கோடை விடுமுறை முடிந்து விருத்தாசலம் திரும்பும் நாளில், தாம்பரத்தில் இருக்கும் என் நாத்தனார், புதிதாகத் திறந்த பர்கர் கடைக்கு எங்களை அழைத்துப் போனாள். ரயிலுக்கு நேரமாகிவிட்டது, பர்கரோ வந்தபாடில்லை. மறுநாள் காலை பீங்கான் கம்பெனியில் ஷிஃப்ட் இருந்த என் கணவர், உட்காராமல் கடிகாரத்தையும் வாசலையும் மாறி மாறிப் பார்த்தபடி நின்றார்.

ஒருவழியாக வந்ததும், நான்கு வயது மகனுக்கு ஊட்டுவதற்காக வழக்கம்போல் பிட்கப் போனேன்.

"அய்யோ அண்ணி, இட்லியா இது? எல்லாரும் பாக்குறாங்க. அவனே கடிக்கட்டும், குடுங்க!" என்றாள் நாத்தனார்.

"சீக்கிரம் குடு, ரயிலு போயிடப் போவுது" என்று இவர் வேறு.

கூச்சத்தில் முழுசாகவே அவன் கையில் கொடுத்துவிட்டேன். அவன் வாயைத் திறந்தான். எனக்கு மனசு கேட்கவில்லை. வெடுக்கென்று பிடுங்கிப் பிட்டேன். பன் சரியாமலிருக்கச் செருகிய கூரான மரக்குச்சி, தலை ஒடிந்து, வெளியே தெரியாமல் உள்ளே நின்றது!

ரயிலைப் பிடித்துவிட்டோம். செங்கல்பட்டு தாண்டியும் மகனை மடியிலிருந்து இறக்கவில்லை.

இப்போதெல்லாம் எந்தக் கடையானாலும், யார் பார்த்தாலும், பிட்டுப் பார்த்துத்தான் பிள்ளைக்குக் கொடுக்கிறேன். நாத்தனாரும் சிரிப்பதில்லை. போன மாதம் எங்கள் வீட்டுக்கு வந்தவள், நான் வைத்த இட்லியையே பிட்டுப் பார்த்துத்தான் தன் மகளுக்கு ஊட்டினாள்.