வெட்டிய பேட்டிக்கு இன்னொரு டேக்

இன்று காலை கல்லூரிக்குப் போக கும்மிடிப்பூண்டியில் மின்சார ரயில் ஏறினேன். பக்கத்தில் உட்கார்ந்த பெண் என்னையே பார்த்துக்கொண்டிருந்தார்.

“எங்க கம்பெனி பொண்ணுங்கள வெச்சு படம் எடுத்தீங்களே, நீங்கதான மேடம்?”

அவர் ஆரம்பாக்கம் தேவகி. ஆறு வருடம் முன்பு என் ஆவணப்படத்துக்காக ஒரு மணி நேரம் பேசியவர்.

“படம் போட்டன்னிக்கி மாமியார், நாத்தனார் எல்லாரையும் இட்டுக்கினு வந்தேன். கடைசி எழுத்து ஓடுற வரைக்கும் பாத்தோம். நான் வரவே இல்ல.”

அவர் பேசியது மெஷின் சத்தத்தில் மூழ்கிப்போனதால் வெட்டிவிட்டேன். அதைச் சொல்ல ஒரு போன்கூடச் செய்யவில்லை. இந்த லட்சணத்தில் பேட்டி எடுப்பது எப்படி என்று கல்லூரியில் பாடம் நடத்துகிறேன்.

மன்னிப்புக் கேட்டேன்.

“அத்த உடுங்க. மீஞ்சூர்ல அக்கா ஊட்டுக்குப் போய்க்கினு இருக்கேன். அதுவரைக்கும் டைம் இருக்குது, இப்ப எடுங்க.”

போனை எடுத்தேன். அன்று வேலையை விட்டுவிடலாமா என்று அழுதவர், இன்று புதிதாகச் சேரும் பெண்களுக்கு மெஷின் ஓட்டக் கற்றுத்தருகிறாராம். அதைச் சொல்லும்போது சேலைத் தலைப்பைச் சரிசெய்துகொண்டு நேராக லென்ஸைப் பார்த்தார்.

இறங்கும்போது சிரித்தபடி சொன்னார்: “இந்த தபாவும் நான் இல்லன்னா உங்கள சும்மா உட மாட்டேன்.”

மதியம் வகுப்பில் போட்டுக் காட்டினேன். “இவங்கள இங்க கூப்பிடலாமா மேடம்?” என்றாள் ஒரு மாணவி. உடனே போன் செய்தேன். சனிக்கிழமை லீவாம், வருகிறார்.

அன்று அவர் பாடம் எடுப்பார், நான் கடைசி பெஞ்ச். பக்கத்தில் இடம் வேண்டுபவர்கள் இப்போதே சொல்லிவிடுங்கள்.