இந்த வருஷம் வேலி அடைப்பதில்லை

போன வியாழக்கிழமை காலை எங்கள் வீட்டு வேலியில் ஒரு வேலை நடக்க இருந்தது. நடக்கவில்லை. ஏனென்றால், வேலை நடக்க வேண்டிய இடத்தில் நான் போய்க் குந்திவிட்டேன்.

எங்கள் வீட்டு வளவுக்கும் பின் வீட்டு வளவுக்கும் நடுவே பனையோலை வேலி. அந்த வேலியில் ஒரு பொட்டு — ஒரு ஆள் குனிந்து போய்வரக்கூடிய ஓட்டை. அதை அடைக்கத்தான் கந்தையா அண்ணை வந்திருந்தார். ஊரில் வேலி அடைக்கிறவர், என்னிலும் பத்து வயது மூத்தவர். ஓலைக்கட்டை இறக்கி வைத்துவிட்டு என்னைப் பார்த்தார்.

"என்ன தம்பி, அடைக்கோழி மாதிரிக் கிடக்கிறீர்? எழும்பும். எனக்கு இன்னும் ரெண்டு வளவு கிடக்குது."

"ஏலாது அண்ணை."

அவருக்கு ஆச்சரியம். எனக்கு அதைவிட ஆச்சரியம்.

என்னைத் தெரிந்தவர்களுக்குத் தெரியும். கலியாண வீட்டுக்குப் போனால் பந்தலில் கடைசிக் கதிரை. சங்கக் கடை வரிசையில் யாராவது இடையில் புகுந்தால், அவருக்கு வழி விட்டு நான் பின்னால் போவேன். இந்தப் பத்தியில் வாரம் வாரம் வாய் கிழியப் பேசுகிறவன், ஒழுங்கைத் தெருவில் உங்களைக் கண்டால் சைக்கிள் சங்கிலியைக் குனிந்து பார்ப்பேன். அப்படிப்பட்டவன் ஏன் வேலிக்குள் குந்தினான்?

என் மனைவி பரமேஸ் பிள்ளைத்தாய்ச்சி. ஏழாம் மாதம்.

இதைப் பேப்பரில் எழுதலாமா என்று அவளிடம் கேட்டேன். "எழுதுங்கோ. வேலிக்கு வேலி நிண்டு கதைக்கிறவை ஒரேயடியாப் பேப்பரிலை வாசிக்கட்டும்" என்றாள். ஆகவே எழுதுகிறேன்.

எங்களுக்கு இரண்டு பிள்ளைகள். சுகந்திக்கு நாலு வயது, ரூபனுக்கு இரண்டு. இவர்களுக்கு முன்னால் இரண்டு, ஐந்து மாதத்தில் தங்காமல் போனவை. இப்போது பரமேஸுக்கு முப்பத்தெட்டு வயது. யாழ்ப்பாணத்தில் பெரிய டொக்டர் பார்த்துவிட்டு ஒரே சொல்லில் முடித்தார்: படுக்கை. கட்டிலை விட்டு இறங்கக் கூடாது, பாரம் தூக்கக் கூடாது, பிள்ளைக்குப் பின்னால் ஓடவே கூடாது.

நல்லது டொக்டர். இரண்டு வயதுப் பிள்ளைக்குப் பின்னால் யார் ஓடுவது?

என் தாய் இல்லை. பரமேஸின் தமக்கை குடும்பத்தோடு கொழும்பில். நான் விடியற்காலை தோட்டத்துக்குப் போய்ப் புகையிலைக்குத் தண்ணீர் இறைக்காவிட்டால் அந்த வருஷச் சோறு இல்லை. ஒரு மாதம் எப்படியோ இழுத்தோம். நான் இறைக்கப் போவதும், பாதியில் ஓடி வந்து பார்ப்பதும், திரும்ப ஓடுவதும்...

பிறகு ஒரு காலை. நான் தோட்டத்தில் நின்றேன். பரமேஸுக்கு இரத்தம் படத் தொடங்கிவிட்டது. கட்டிலில் கிடந்தபடி கூப்பிட்டிருக்கிறாள். பின் வளவில் தவமணி உடுப்புத் தோய்த்துக்கொண்டு நின்றிருக்கிறாள். தவமணிக்கு என் தங்கச்சி வயது. மூன்று வயதில் இரட்டைப் பிள்ளைகள், புருஷன் சவூதியில். அதுவரை எங்களுக்குள் பெரிய பழக்கம் இல்லை. காரணத்தைப் பிறகு சொல்கிறேன்.

குரல் கேட்டது. ஆனால் ஆள் எப்படி வருவது? அவர்களுடைய வாசல் படலை அடுத்த ஒழுங்கையில் திறக்கிறது. சந்தியைச் சுற்றி வர வேண்டும். அன்றைக்குச் சந்தியில் ஆமி வாகனம் வேறு நின்றது.

தவமணி சுற்றவில்லை. வேலியைப் பிடித்துப் பிய்த்தாள். பனைமட்டைக் கருக்கு வாள் மாதிரி இருக்கும். இரண்டு கையும் கிழிந்தன. அப்படியே உள்ளே வந்து, பரமேஸைத் தாங்கி, வாடகை வான் பிடித்து ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனாள். எந்த இரத்தம் யாருடையது என்று தெரியாமல் நர்ஸ் மிஸ்ஸி குழம்பிப்போனாராம்.

பிள்ளை தங்கியது. பொட்டும் தங்கியது.

அதற்குப் பிறகு எல்லாம் அந்தப் பொட்டால்தான். தவமணியின் வளவுக்குள் ஒரு சின்ன வீட்டில், நெடுந்தீவிலிருந்து வந்த பிலோமினா குடியிருக்கிறாள். புருஷன் கடலுக்குப் போகிறவர், மகளுக்கு ஒன்றரை வயது. எல்லாமாக ஐந்து பிள்ளைகள். மூன்று வீடும் முறை வைத்துக்கொண்டோம். முறை வந்த வீடு ஐந்து பேரையும் குளிப்பாட்டி, மத்தியானம் சோறு தீத்தி, படுக்க வைக்க வேண்டும். மற்ற வீடுகள் தங்கள் அலுவலைப் பார்க்கலாம். இடையிடையே யாராவது ஒருவர் பொட்டால் குனிந்து வந்து பரமேஸைப் பார்ப்பார்கள்.

என் வீட்டு முறைக்கு என்ன செய்வது? பரமேஸ் எழும்ப முடியாது. என் பங்குக்குக் கத்தரிக்காயும் முருங்கைக்காயும் தருகிறேன் என்றேன். பிலோமினா சிரித்தாள். "கத்தரிக்காய் பிள்ளை பாக்குமோ அண்ணை? நீங்கள் வாங்கோ."

ஆகவே செவ்வாயும் வெள்ளியும் என் முறை. ஐந்து பிள்ளைகளையும் கிணற்றடியில் வரிசையாக நிற்பாட்டிக் குளிப்பாட்டுகிறேன். இரட்டையர் இருவரில் ஒருவனை இரண்டு தரம் குளிப்பாட்டி மற்றவனைக் குளிப்பாட்டாமல் விட்டதும் உண்டு. சோற்றுக்குள் மீன் முள் தேடத் தேடக் கண் கூராகிவிட்டது. ஒரு பிள்ளை அழுதால் தூக்கலாம். ஐந்தும் சேர்ந்து அழுதால்... நானும் குந்தியிருந்து முகத்தை மூடிக்கொள்வேன். அவர்கள் அழுகையை விட்டு என்னை வேடிக்கை பார்ப்பார்கள். இந்த வைத்தியம் எந்த டொக்டருக்கும் தெரியாது.

ஊர் விடுமா? சங்கக் கடையில் ஒருவர் கேட்டார், "இண்டைக்கு ஆயாவுக்கு லீவோ?" இன்னொருவர் நான் எப்போது சேலை கட்டப்போகிறேன் என்று விசாரித்தார். முந்திய ஆளாக இருந்தால் பின்வழியால் போயிருப்பேன். அன்றைக்குப் போகவில்லை. ஐந்து பிள்ளைக்கும் பிஸ்கட் தாருங்கோ என்று எல்லோருக்கும் கேட்கச் சொல்லி வாங்கிக்கொண்டு வந்தேன்.

இனி அந்தக் காரணத்துக்கு வருகிறேன். தவமணியின் தகப்பன் செல்லத்துரையர். அவரும் என் அப்பரும் இதே வேலிக்காக ஊர்காவற்துறைக் கோட்டுக்கு வருஷக்கணக்காக நடந்தவர்கள். கதியால் என்கிற வேலிக் கம்பை ஒரு முழம் தள்ளி நட்டது யார் என்பதுதான் வழக்கு. தீர்ப்பு அவர் பக்கம். வேலி அவர்களுடையது, அடைக்கும் உரிமையும் அவர்களுடையது. அதை நான் மறுக்கவில்லை.

நம்முடைய தீவில் வேலி என்றால் வெறும் ஓலையா? அடுத்த வீட்டுக் குழம்பு வாசம் அதனூடாக வரலாம். கோழி வரலாம். ஏச்சுப் பேச்சு எவ்வளவும் வரலாம். ஆள் மட்டும் வரக்கூடாது. ஆள் நடந்தால் பாதை. பாதை விழுந்தால் உரிமை. உரிமை வந்தால் காணி போச்சு.

செல்லத்துரையருக்கு அந்தப் பயம். தன்னுடைய எதிராளியின் மகன் நோயாளி மனைவியைக் காட்டிப் பாதை பிடிக்கிறான் என்று யாரோ காதில் போட்டிருக்கிறார்கள். இரண்டு வாரத்துக்கு முன் தோட்டத்துக்கு வந்தார். மரியாதையாகத்தான் பேசினார். பொட்டை அடைத்துவிடும்படி கேட்டார். அவர் மகளைக் கேட்கவில்லை. ஆம்பிளைக்கு ஆம்பிளை பேசி முடிப்பதுதானே முறை?

நான் என்ன சொன்னேன் தெரியுமா? "ஓம் ஐயா" என்றேன்.

வெட்கத்தோடு எழுதுகிறேன். சண்டை வேண்டாம் என்று அன்று பின்னேரமே என் கையாலேயே அடைத்தேன். தவமணி பிள்ளைகளோடு கிளினிக்குக்குப் போயிருந்தாள். அவளிடம் ஒரு சொல் கேட்கவில்லை. பரமேஸிடமும் கேட்கவில்லை. அவள் கட்டிலில் மறுபக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டாள்.

அடுத்த நாள் காலை ரூபன் வழக்கம்போலப் பொட்டடிக்குப் போயிருக்கிறான். வழி இல்லை. இரட்டையரின் சத்தம் அந்தப் பக்கம் கேட்கிறது. அவன் என்ன, வழக்கா வைப்பான்? படலையைத் தள்ளிக்கொண்டு ஒழுங்கைக்கு இறங்கிவிட்டான். யன்னலால் கண்ட பரமேஸ் கட்டிலிலிருந்து பாய்ந்து ஓடினாள். பிள்ளையைச் சந்தியடியில் பிடித்துத் தூக்கிக்கொண்டு வந்தாள்.

திரும்பவும் இரத்தம்.

மிட்வைஃப் வந்து வயிற்றில் குழல் வைத்துக் கேட்டார். அந்த முகத்தைப் பார்த்துக்கொண்டு நின்ற நேரத்தை நான் எழுதப் போவதில்லை. கடைசியில், துடிப்பு இருக்கிறது என்றார். இன்னொரு தரம் இப்படி என்றால் தன்னால் ஒன்றும் சொல்ல ஏலாது என்றும் சொன்னார்.

அவர் போக முன்னரே வேலிப்பக்கம் ஓலை கிழியும் சத்தம் கேட்டது. தவமணிதான். இந்த முறை கத்தியோடு வந்தாள். பிய்த்து முடித்துவிட்டு என்னிடம் ஒன்றே ஒன்று கேட்டாள்.

"பிள்ளையளைப் பாக்கிறது நாங்கள் மூண்டு வீடும். தீர்ப்புச் சொல்ல மட்டும் நீங்கள் ரெண்டு ஆம்பிளையள் போதுமோ அண்ணை?"

பொட்டு திரும்பத் திறந்ததைக் கேள்விப்பட்ட செல்லத்துரையர் கந்தையா அண்ணையை அனுப்பினார். தவமணிக்கான என் பதில் வியாழக்கிழமைதான் வந்தது.

சரி, இப்போது தெரிகிறதா நான் ஏன் குந்தினேன் என்று?

கந்தையா அண்ணை வெற்றிலையை எடுத்துக்கொண்டு ஓலைக்கட்டின் மேல் இருந்துவிட்டார். சொல்லிவிட்டவர் வரட்டும், தனக்கென்ன என்றார். சத்தம் கேட்டுத் தவமணி வந்தாள். பிலோமினா மகளை இடுப்பில் தூக்கிக்கொண்டு வந்தாள். தன் ஊரில் கல்வேலி என்றும், பொட்டு வேண்டுமென்றால் நாலு கல்லை எடுத்து வைத்தால் சரி, இங்கேதான் ஓலைக்கும் கோட்டுக்குப் போக அப்புக்காத்து வேண்டியிருக்கிறது என்றும் அவள் சொல்ல, கந்தையா அண்ணைக்குச் சிரிப்பில் வெற்றிலை புரைக்கேறியது.

செல்லத்துரையர் சைக்கிளில் வந்து இறங்கினார்.

"என்ன தம்பி, அண்டைக்கு ஓம் எண்டனீர். உம்மட கையாலைதானே அடைச்சனீர்?"

"அண்டைக்கு ஓம் எண்டது பிழை ஐயா."

என் வாழ்நாளில் அவரிடம் இவ்வளவு நீளமாக நான் பேசியதில்லை.

"நாளைக்கு இதைப் பாதை எண்டு நீர் கோட்டுக்குப் போகமாட்டீர் எண்டு நான் எப்பிடி நம்பிறது? உம்மட கொப்பரை எனக்குத் தெரியும்."

நியாயமான கேள்விதான். என் அப்பரை எனக்கும் தெரியும். பாதை கேட்க மாட்டேன் என்று கடதாசியில் எழுதித் தருகிறேன் என்றேன். ஐந்தாம் வகுப்போடு நின்றவன் கையெழுத்தும் கையெழுத்துத்தானே. அவர் முகம் இளகியது. சுகந்தியிடம் பேனை எடுத்துவரச் சொல்ல வாயெடுத்தேன்.

"எழுத வேண்டாம் அண்ணை," என்றாள் தவமணி. பிறகு தகப்பன் பக்கம் திரும்பினாள். "அப்பா, இந்தக் காணி ஆருடையது?"

அவர் சைக்கிள் ஹாண்டிலைத் திருப்பினார்.

"எனக்குச் சீதனமாத் தந்தனீங்கள். காணி உறுதியிலை என்ர பேர் கிடக்குது. அண்ணை உங்களுக்கு எழுதித் தந்தால், காணி இன்னும் உங்கட எண்டு நானே ஒத்துக்கொண்ட மாதிரி. வேலியைப் பிய்ச்சது நான். அடைக்க வேணுமெண்டால் என்னைக் கேளுங்கோ. நான் விடமாட்டன்."

"நான் உனக்காகத்தான் பாக்கிறன் பிள்ளை. காணி போனால் உன்ர பிள்ளையளுக்குத்தான் நட்டம்."

"என்ர பிள்ளையள் செவ்வாய், வெள்ளி இந்தப் பக்கம்தான் சாப்பிடுகினம்."

அப்போது பரமேஸின் குரல் யன்னலால் வந்தது. வெயிலுக்குள் நிற்க வேண்டாம், ஐயாவுக்குத் தேத்தண்ணி போட்டுக் குடுங்கோ என்றாள். செல்லத்துரையர் தேத்தண்ணி குடிக்கவில்லை. கந்தையா அண்ணை இரண்டு கோப்பை குடித்துவிட்டு ஓலைக்கட்டைத் தூக்கிக்கொண்டு அடுத்த வளவுக்குப் போனார்.

செல்லத்துரையரை நான் கெட்டவர் என்று எழுத மாட்டேன். மகளுக்கென்று ஒரு முழத்துக்காக வருஷக்கணக்கில் கோட்டுக்கு நடந்த மனிதர். ஆனால் ஒன்று கேட்கிறேன். மகளுக்குக் காணியை எழுதிக் கொடுக்கிறோம், வீட்டை எழுதிக் கொடுக்கிறோம், கிணற்றில் பங்கு எழுதிக் கொடுக்கிறோம். யாருடைய பிள்ளையை உள்ளே விடுவது என்ற முடிவை மட்டும் ஏன் நம் மடிக்குள் வைத்துக்கொள்கிறோம்? எனக்கும் இரண்டு வயதில் மகனும் நாலு வயதில் மகளும் இருக்கிறார்கள். இந்தக் கேள்வியை எனக்கும் சேர்த்துத்தான் கேட்கிறேன்.

பிள்ளை பிறக்க இன்னும் இரண்டு மாதம் இருக்கிறது. இரண்டு மாதம் என்றால் எத்தனை விடியல், எத்தனை தரம் ரூபன் ஓடுவான் என்று எனக்குத் தெரியும். பயம் போகவில்லை. ஆனாலும் இப்போது தண்ணீர் இறைக்கும்போது பாதியில் ஓடி வருவதில்லை.

செல்லத்துரையர் சைக்கிளில் ஏறும்போது வழக்கு வைக்காமல் விடமாட்டேன் என்று சொல்லிவிட்டுத்தான் போனார். எனக்குச் சட்டம் தெரியாது. தெரிந்த ஒரு மாஸ்டரிடம் கேட்டேன். காணி யாருடைய பேரில் இருக்கிறதோ அவர்தான் வழக்காளியாகக் கையெழுத்து வைக்க வேண்டுமாம்.

தாராளமாக வைக்கட்டும். ஆனால் அந்த வழக்காளி அந்த நேரம் என் மூன்றாவது பிள்ளையைக் குளிப்பாட்டிக்கொண்டு நிற்பாள் — கை ஈரம் காயும்வரை கோட்டார் கொஞ்சம் பொறுக்க வேண்டியிருக்கும்.