என் மகள் வெட்டிய நாடா

எனக்கு எழுதிப் பழக்கம் இல்லை. ஐந்தாம் வகுப்போடு நின்றவள். எழுத்து கோணலாக இருக்கும், முன்னால் நடந்தது பின்னால் வந்துவிடும், நிறைய மறந்தும் போய்விட்டது. பொறுத்துக்கொள்ளுங்கள். நாலு பேர் நடுவில் வாய் திறந்து பேச வராது. எழுதியாவது வைப்போம் என்றுதான் உட்கார்ந்தேன்.

நாங்கள் திருநெல்வேலிப் பக்கத்திலிருந்து பனியன் கம்பெனி வேலைக்கு வந்தவர்கள். வேலம்பாளையத்தில் லைன் வீட்டில் இருந்தோம். அந்த வரிசையில் இரண்டு வீட்டில் மட்டும் செல்போன் இருந்த காலம். எனக்கு ஒரே மகள். பிறந்ததும் அழவில்லை, மூச்சு வர நேரமாகிவிட்டது என்றார்கள். வயது ஏறியதே தவிர அதற்கேற்ற புத்தி வரவில்லை. அவளைப் போன்ற பிள்ளைகளுக்கென்று பக்கத்திலேயே ஒரு பள்ளிக்கூடம் இருப்பது அவளுடைய பன்னிரண்டு வயதில்தான் எனக்குத் தெரிந்தது.

அங்கே போய் அவள் முதலில் கற்றுக்கொண்டது மரியாதை. டீச்சர் இந்த ஊர்க்காரர், எதற்கும் ஒரு ‘ங்க’ போட்டுத்தான் பேசுவார். மகளும் அப்படியே பிடித்துக்கொண்டாள்.

“சோறு போடுங்க” என்பாள் என்னிடம்.

“ஏட்டி, பெத்தவளுக்கு எதுக்குட்டி இம்புட்டு மரியாத?”

“டீச்சர் வைவாங்க. சும்மா இருங்க.”

பக்கத்து வீட்டுக்காரி விழுந்து விழுந்து சிரிப்பாள். “மதினி, நாமதான் இங்க பொழைக்க வந்தவுக. உம்ம மவ இந்த ஊர்லயே பெறந்து வளந்தவ மாதிரில்லா பேசுதா!”

பதினெட்டு வயதானால் பள்ளிக்கூடத்தில் வைத்துக்கொள்ள மாட்டார்கள். கடைசி வருடம் முழுக்க, வெளியே போனால் என்னென்ன வேண்டுமோ அதைத்தான் டீச்சர் சொல்லிக்கொடுத்தார். ரோட்டைத் தாண்டுவது. தண்ணீர் வேண்டும் என்று கேட்பது. மாதவிலக்கு நாளில் என்ன செய்வது. யாராவது தொட்டால் கத்துவது. கூடவே பிசிறு வெட்டும் வேலை. தைத்து வந்த துணியில் நீட்டிக்கொண்டிருக்கும் நூலைச் சின்னக் கத்தரியால் வெட்டுவதுதான் பிசிறு வெட்டுவது. இந்த ஊரில் எந்தக் கம்பெனிக்குப் போனாலும் அந்த வேலைக்கு ஆள் வேண்டும்.

ஒரு நாள் டீச்சர் என்னிடம் சொன்னார். “அக்கா, நீங்களும் நானும் எத்தன நாளைக்குங்க கூடவே இருக்கப்போறோம்? நீங்க இல்லாம அவ போயி உக்கார, ஒரு டேபிள்ல அவளுக்குன்னு ஒரு எடம் வேணுங்க. அது போதுங்க.”

அன்றிலிருந்து எனக்கும் அதே நினைப்பு. கம்பெனியில் பிசிறு வெட்ட உட்காரும் நீளமான செக்கிங் டேபிளைப் பார்க்கும்போதெல்லாம் இரண்டு பெண்கள் நடுவில் இருக்கும் இடைவெளிதான் கண்ணுக்குத் தெரியும். அங்கே என் மகள் உட்கார்ந்தால் எப்படி இருக்கும் என்று பார்த்துக்கொண்டே நிற்பேன்.

டீச்சர் சொல்லிக்கொடுத்த விதம் இது. துணியை மேஜையில் விரித்து வைக்க வேண்டும். தையல் மேல் விரலை நடத்திக்கொண்டே போக வேண்டும். தையல் முடிகிற இடத்தில் நின்று, அங்கே நூல் இருந்தால் மட்டும் வெட்ட வேண்டும். மகள் அதைச் செய்தாள், ஆனால் ஒரு பீஸுக்கு அரை மணி நேரம் ஆனது. விரல் போகும், வழியில் நிற்கும், மறுபடியும் முதலிலிருந்து போகும். இப்படி இருந்தால் எந்தக் கம்பெனியில் சேர்ப்பார்கள் என்று எனக்குப் பொறுக்கவில்லை.

நானும் பிசிறு வெட்டுகிறவள்தான். வீட்டில் பழைய பனியன்களை வைத்துக்கொண்டு அவளை உட்கார வைத்தேன். “இங்க பாருட்டி. பீஸத் தூக்கி ஒரு ஒதறு. தொங்குதா? வெட்டு. அம்புட்டுதான்.”

“தொங்கினா வெட்டோணுங்களா?”

“ஆமா, தொங்கினா வெட்டிரு.”

அது அவளுக்குச் சட்டென்று பிடித்துவிட்டது. பத்து நாளில் கை பறந்தது. டீச்சர் அசந்துபோனார். “அக்கா, எப்படிங்க இது! போன மாசம் இருந்த கையா இது?” நான் தலையைக் குனிந்து சிரித்தேன். என் வழி என்று சொல்லவில்லை. ‘வீட்டுல வேற மாதிரி சொல்லிக் குடுத்துராதீங்க’ என்று அவர் முன்பே சொல்லியிருந்தார்.

வேகமாக வெட்டியதால் அந்த வருடம் முதலில் வேலைக்குப் போனவள் என் மகள்தான். தெரு முனையிலிருந்து நேராகப் போனால் வரும் சின்னக் கம்பெனி. “நீங்க கூட வரக் கூடாதுங்க” என்று டீச்சர் கண்டிப்பாகச் சொல்லியிருந்தார். நான் முனையோடு நின்றுவிடுவேன். டிபன் பாக்ஸ் பையைத் தோளில் மாட்டி, ரோட்டோரமாக நேரே பார்த்துக்கொண்டு போவாள். நடக்கும்போது முன்னால்தான் பார்க்க வேண்டும் என்று பழக்கியிருந்தார்கள். அதனால் ஒரு நாள்கூட என்னைத் திரும்பிப் பார்க்கவில்லை. கேட்டுக்குள் போகும் வரை அந்தப் பையைப் பார்த்துக்கொண்டு நிற்பேன்.

சாயங்காலம் தலைமுடி, புருவமெல்லாம் பஞ்சுத் தூசியோடு வருவாள். நான் தட்டிவிடப் போனால் விட மாட்டாள். “வேலைக்குப் போனா அப்படித்தாங்க இருக்கும்” என்பாள். டேபிள் கதை நடக்கும். பக்கத்தில் உட்கார்ந்த அக்கா, “கண்ணு, உன்ற டிபன்ல என்ன சோறு?” என்று கேட்டாராம். இவள், “தக்காளி சோறுங்க. உங்களுக்குத் தரமாட்டேங்க” என்றாளாம். டேபிளே சிரித்ததாம். சொல்லிவிட்டு அவளும் சிரிப்பாள். டேபிள் என்ற சொல்லை அத்தனை முறை சொல்வாள்.

பத்தொன்பது நாள் அப்படிப் போனாள். இருபதாம் நாள் பள்ளிக்கூடத்திலிருந்து ஆள் வந்து கூப்பிட்டார்கள். நானும் டீச்சரும் கம்பெனிக்குப் போனோம்.

சூப்பர்வைசர் ஒரு டவுசரைத் தூக்கிக் காட்டினார். குழந்தைகள் போடும் டவுசர், இடுப்பில் இழுத்துக் கட்டுகிற நாடா வைத்தது. இரண்டு பக்கமும் நாடா ஒட்ட நறுக்கப்பட்டிருந்தது. பக்கத்தில் ஒரு கட்டு முழுக்க அப்படியே கிடந்தது.

“ஏனுங்க டீச்சர், இதையப் பாருங்க. பிசிறு வெட்டச் சொன்னா நாடாவப் பூராத்தையும் நறுக்கிப் போட்டுச்சுங்க. நானென்ன பதில் சொல்றது மொதலாளிக்கு?”

டீச்சர் கொஞ்ச நேரம் அந்த டவுசரையே திருப்பித் திருப்பிப் பார்த்தார். “என் தப்புங்க. நாடா வெச்ச பீஸு ஒண்ணுகூட நான் காட்டலீங்க. புள்ள மேல தப்பு இல்லீங்க” என்றார்.

மகள் சுவரோரம் பையை அணைத்துக்கொண்டு நின்றாள். டீச்சரைப் பார்க்கவில்லை. என்னைப் பார்த்து, “தொங்குச்சுங்க” என்றாள்.

அது எனக்கு மட்டும்தான் புரிந்தது. அப்போது நான் சொல்லியிருக்க வேண்டும். நாக்கு வரை வந்தது. சூப்பர்வைசர் நிற்கிறார், டேபிளில் எல்லாரும் வேலையை நிறுத்திவிட்டுப் பார்க்கிறார்கள், டீச்சர் அவள் கையைப் புகழ்ந்தபோது நான் சிரித்தது ஞாபகம் வருகிறது. முந்தானையைப் பிடித்துக்கொண்டு நின்றேன்.

“இன்னுங் கொஞ்ச நாளு பழக்கிக் கூட்டியாங்க, பாக்கலாம்” என்றார் சூப்பர்வைசர். நல்ல மனிதர்தான்.

டீச்சரும் பழக்கினார். நாடா வைத்த துணியாகத் தேடி எடுத்துவந்து, இதை வெட்டாதே என்று தினமும் சொன்னார். மகள் சரிங்க என்பாள், உதறுவாள், வெட்டிவிடுவாள். உதறுவது அவளாகவே பிடித்துக்கொண்ட பழக்கம் என்று டீச்சர் நினைத்திருப்பார், உள்ளே ‘தொங்கினா வெட்டு’ என்று நான் போட்டு வைத்தது இருக்கிறது என்று அவருக்குத் தெரியாதே. தெரிந்திருந்தால் அதை எடுத்துவிட்டிருப்பார். நாளைக்குச் சொல்லலாம், நாளைக்குச் சொல்லலாம் என்று நான் தள்ளிக்கொண்டே இருந்தேன். அந்த இடத்துக்கு வேறு ஆள் வந்துவிட்டது. பள்ளிக்கூட வருடமும் முடிந்தது. டீச்சர் வீட்டுக்காரருக்கு வெளியூரில் வேலை கிடைத்துப் போய்விட்டார்கள். நான் துணிந்து பள்ளிக்கூடம் போனபோது அங்கே வேறொரு டீச்சர் இருந்தார். அப்படியே திரும்பிவிட்டேன்.

மகள் அதற்குப் பிறகும் வெகுநாள் காலையில் தலைசீவிப் பையை மாட்டிக்கொண்டு, “போயிட்டு வர்றேங்க” என்பாள். வாசற்படி வரை போவாள். நான் இன்றைக்கு லீவு என்பேன்.

ரொம்ப நாள் கழித்து, டீச்சர் வழியையே நான் அவளுக்குச் சொல்லிக்கொடுத்தேன். துணியை விரி, தையல் மேல் விரலை நடத்து. உதறாதே, உதறச் சொன்னது அம்மா செய்த தப்பு என்று அவளிடம் சொன்னேன். அவளிடம் சொல்ல எனக்கு வெட்கமில்லை. பல மாதம் ஆனது. ஒரு நாள் நாடா வைத்த டவுசர் ஒன்றைக் கொடுத்தேன். விரல் தையலோடு போனது. நாடா வரும் ஓட்டையில் நின்றது. நாடாவை விரலில் சுற்றிப் பார்த்தாள், விட்டுவிட்டாள். “இது வேண்டாங்க” என்றாள். எனக்கு அழுகையாக வந்தது. அதைப் பார்க்க டீச்சர் இல்லை. அந்தக் கம்பெனியும் அதற்குள் வேறு பக்கம் மாறிப் போயிருந்தது.

இப்போதும் என்னோடுதான் இருக்கிறாள். எனக்கு முட்டி போய்விட்டது. எனக்குப் பிறகு என்ன என்று நினைத்தால், டேபிளில் அந்த இடைவெளிதான் இன்றும் கண்ணில் வருகிறது.

இதில் தப்பு இருக்கும். அப்போது அந்தப் பள்ளிக்கூடத்தில் இருந்தவர்கள் யாராவது பார்த்துச் சரி செய்யுங்கள். பத்தொன்பது நாள்தானா என்று பாருங்கள். டீச்சர் இருக்கும் ஊர் தெரிந்தால் இதைப் படித்துக் காட்டுங்கள், தப்பு அவங்களுடையது இல்லை. இன்னொன்றும் கேட்க வேண்டும். அந்த டேபிளில் என் மகள் உட்கார்ந்தது ஜன்னல் பக்கமா, நடுவிலா? அவளைக் கேட்டால் நாளுக்கு ஒன்று சொல்கிறாள். நான் உள்ளே போன அன்று அவள் சுவரோரம் நின்றுகொண்டிருந்தாள். அவள் அங்கே உட்கார்ந்திருந்ததை நான் பார்த்ததே இல்லை. பார்த்தவர்கள் இருந்தால் சொல்லுங்கள்.