வருவாரு அக்கா

சிவப்புக் குடைமிளகாயை அடுப்புத் தகட்டில் சுட்டுத் தோலுரித்துக்கொண்டே நசிபே கைப்பேசியில் வழக்கைப் பார்ப்பாள். வக்கீல்கள் பேசினால் முழங்கையால் சத்தத்தைக் குறைப்பாள். கூண்டிலிருக்கும் பெஹ்லுல் வாயைத் திறந்தால் கூட்டுவாள். ஹேக் நகரத்தில் நடக்கும் போர்க்குற்ற வழக்கு அது. கொசோவோவில் அவளுடைய கிராமத்திலோ சுவருக்குச் சுவர் அவன் படம்தான்: செர்பியப் படையை எதிர்த்து மலையில் துப்பாக்கியோடு ஒன்று, அமைச்சராகக் கழுத்துப்பட்டையோடு ஒன்று.

ஊருக்கு அவன் தளபதி. நசிபேவுக்கு மட்டும் பழைய பெஹ்லுல்.

"என்ன பெரிய தளபதி. சண்டைக்காலத்துல எங்க பரண்ல ஒளிஞ்சிருந்து ஒரு ஜாடி ஊறுகாயைத் தனியாத் தின்னுட்டு, பூனை மேல பழி போட்ட பய" என்பாள். சொல்லும்போதே சிரிப்பு வந்துவிடும். சிரித்ததற்காகத் தன்மேலேயே எரிச்சலும் வரும்.

ஏனென்றால், அவனுடைய ஆட்கள்தான் அவள் கணவன் இசூஃபை, செர்பியர்களுக்குத் துப்புச் சொன்னான் என்று சந்தேகப்பட்டு, விசாரிக்கக் கூட்டிப் போனார்கள். இசூஃப் திரும்பவில்லை. போர் முடிந்து பெஹ்லுல் கட்சி தொடங்கினான். காரில் வந்து இறங்கினான். அவள் கேட்கும்போதெல்லாம் கையைப் பிடித்துக்கொண்டு, "வருவாரு அக்கா, தேடிக்கிட்டுதான் இருக்கோம்" என்பான். அந்த ஒரு சொல்லை நம்பித்தான் இருபது வருடத்துக்கு மேல் ஓட்டினாள். துக்கம் கேட்க வந்தவர்களை, "யாரு செத்தா இங்க?" என்று வாசலிலேயே திருப்பி அனுப்பினாள். அவளுடைய ஏக்கத்துக்கு வெட்கம் கிடையாது. "அந்த மனுஷன் குறட்டை இல்லாம வீடே ஊமையாக் கிடக்கு" என்று ரொட்டிக் கடைக்காரரிடம்கூடச் சொல்வாள்.

போன வாரம் பெஹ்லுலின் தகப்பனார் இறந்துபோனார். சில மணி நேரத்துக்கு அவனைக் காவலோடு ஊருக்கு அழைத்து வந்தார்கள். ஆண்கள் உட்காரும் கூடத்துக்குள் பெண்கள் போவதில்லை. நசிபே போனாள். கூட வந்த மகள் தெஷிரே முற்றத்திலேயே நின்றுகொண்டாள்.

துக்க வீட்டுக் காபியில் சர்க்கரை போடமாட்டார்கள்; செத்தவருக்காகக் குடிப்பது அது. பெஹ்லுலின் தம்பி அவளுக்கும் ஒரு கோப்பை நீட்டினான். வாங்கிக்கொண்டு பெஹ்லுலுக்கு எதிரே உட்கார்ந்தாள். தலை நரைத்து, கோட்டு தொளதொளத்து, அழுது வீங்கிய முகத்தோடு இருந்தான். அவளுக்குப் பாவமாகத்தான் இருந்தது.

"உங்கப்பா நல்ல மனுஷன், தம்பி. உனக்குப் புதைக்கவாவது ஒரு அப்பா கிடைச்சாரு. என் ஆளு எங்க?"

"இன்னைக்கா கேக்கறது, நசிபே?" என்றார் ஒரு பெரியவர்.

"வேற எப்பக் கேக்கறது? ஹேக்குக்கு நம்ம ஊர்லேருந்து பஸ்ஸா விடுறீங்க?"

அவளுக்கு வேண்டியதெல்லாம் அந்தப் பழைய பதில்தான். பொய்யானாலும் சொல்லிவிட்டால் போதும், இன்னும் பத்து வருடத்தைத் தள்ளிவிடலாம். பெஹ்லுல் அவள் கையைப் பிடிக்க வந்தான். பாதியில் நிறுத்திக்கொண்டான்.

"அக்கா" என்றான். 'வருவாரு' மட்டும் வரவில்லை. தலையைக் குனிந்துகொண்டான்.

நசிபே கோப்பையைச் சிந்தாமல் பிடித்துக்கொண்டு முற்றத்துக்கு வந்தாள். ஒரு வாய் குடித்தாள். மீதியை மகளிடம் நீட்டினாள்.

"குடிம்மா. உங்கப்பாவுக்கு."