மண்ணூர்பேட்டைக்கு ஒரு டிக்கெட்

என் தமிழ் நல்ல தமிழ் என்று சிலர் பாராட்டியிருக்கிறார்கள். அதற்குக் காரணம் படிப்பு இல்லை, திக்குவாய். ப, ம இரண்டிலும் தொடங்கும் சொற்கள் என் உதட்டிலேயே நின்றுவிடும். அதனால் மழையைத் தூறல் என்பேன், பணத்தைக் காசு என்பேன். பயம் என்று சொல்ல முடியாமல் அச்சம் என்பேன். கேட்கிறவர்கள் என்னை ஏதோ மேடைப் பேச்சாளர் என்று நினைத்துக்கொள்வார்கள். சின்ன வயதில் நாக்கில் வசம்பு தேய்த்துப் பார்த்தார்கள். நாக்கு எரிந்ததுதான் மிச்சம்.

குடியிருந்தது மண்ணூர்பேட்டையில். ஊர்ப் பெயரே ‘ம’வில் தொடங்கியது என் தலையெழுத்து. அம்பத்தூர் ஓ.டி.யில் பஸ் ஏறினால் கண்டக்டரிடம், ஊருக்கு முந்தைய நிறுத்தமான தொழிற்பேட்டையை எஸ்டேட் என்று சொல்லி டிக்கெட் வாங்குவேன். அங்கே இறங்கி, லாரிப் புழுதியைத் தின்றுகொண்டு வீடுவரை நடப்பேன். வருடக்கணக்கில் அப்படித்தான் நடந்தேன். நடப்பது உடம்புக்கு நல்லது என்று வீட்டில் சொல்லி வைத்திருந்தேன்.

அஞ்சல் வழியில் உளவியல் எம்.ஏ. முடித்துவிட்டு, எஸ்டேட்டில் ஒரு தொழிற்சாலையின் பணியாளர் பிரிவில் வேலை பார்த்தேன். தொழிலாளிகளிடம் பேசும் வேலையெல்லாம் மற்றவர்களுக்குப் போகும். என்னை ஃபைல்களோடு உட்கார வைத்திருந்தார்கள். தொண்ணூறுகளின் கடைசியில், அம்பத்தூர் ரயில் நிலையத்துக்குப் பக்கத்தில் ஒரு நர்சரிப் பள்ளியில், மனநல ஆலோசகர்களுக்கு ஞாயிறுதோறும் அறிமுகப் பயிற்சி நடக்கிறது என்று கேள்விப்பட்டுச் சேர்ந்தேன். நடத்தியவர் ஒரு டாக்டரம்மா. பயிற்சியில் தேறியவர்களை, அதே பள்ளியில் நடக்கும் தன் ஞாயிறு கிளினிக்கில் ஆட்களைப் பார்க்க விடுவார். எனக்கு வேண்டியிருந்தது அது ஒன்றுதான். திக்குகிறவனை நம்பி ஒருவர் தன் கஷ்டத்தைச் சொல்ல வருவாரா என்பதுதான் என்னை அரித்துக்கொண்டிருந்தது.

முதல் வகுப்பில் டாக்டரம்மா கரும்பலகையில் ‘ஏற்றலை அடிப்படையாகக் கொண்ட நடத்தைச் சிகிச்சை’ என்று எழுதினார். பலகையின் இந்த ஓரத்திலிருந்து அந்த ஓரம்வரை வந்தது. நாங்கள் பிள்ளைகளின் குட்டை பெஞ்சுகளில் முழங்கால் முகவாயில் இடிக்க உட்கார்ந்திருந்தோம். பயத்தைத் துரத்திவிட்டுத்தான் வாழ ஆரம்பிக்க வேண்டும் என்றில்லை, அது கூட இருக்கும்போதே தனக்கு முக்கியமானதைச் செய்யலாம், அதற்குத்தான் உதவப் போகிறோம் என்றார். என் பக்கத்தில் இருந்தவர் பூந்தமல்லியிலிருந்து வரும் ஒரு பள்ளி ஆசிரியை. நோன்பு மாதத்திலும் ஒரு வகுப்பைத் தவறவிடாதவர். எல்லாம் விதி என்று விட்டுவிடச் சொல்கிறீர்களா என்று அவர் கேட்டார். டாக்டரம்மா சிரித்தார். காய்ச்சலாக இருக்கிறது என்று ஒத்துக்கொள்வது வேறு, காய்ச்சலோடு படுத்தே கிடப்பது வேறு என்றார். எனக்கு அன்றைக்குப் பாதிதான் புரிந்தது.

அந்த ஆசிரியைதான் பயிற்சி முழுக்க எனக்கு ஜோடி. தங்கமான மனசு. அதுதான் தொல்லை. ஒத்திகையில் நான் ஆலோசகர், அவர் நோயாளி. நான் “ப...” என்று நின்றதும் “பயமா?” என்பார். “ம...” என்றால் “மனசா?” என்பார். எனக்குப் பற்றிக்கொண்டு வரும். பிறந்ததிலிருந்து என் வாக்கியங்களை ஊரே முடித்து வைத்திருக்கிறது. முடித்து வைத்தவர்களுக்கு நன்றியும் சொல்லியிருக்கிறேன்.

டாக்டரம்மா கை உயர்த்தி ஒத்திகையை நிறுத்தினார்.

“டீச்சர், அவர் தவிக்கிறதை உங்களால பார்க்க முடியல. அதனாலதான் முந்திக்கிறீங்க. நாளைக்கு உங்க முன்னாடி ஒருத்தர் உட்கார்ந்து அழுவாங்க. அப்பவும் இப்படித்தான் முந்திக்குவீங்க.”

ஆசிரியையின் முகம் சுருங்கிவிட்டது. எனக்கு உள்ளுக்குள் குஷி. அடுத்த நிமிடமே டாக்டரம்மா என் பக்கம் திரும்பி, நான் எந்தெந்தச் சொல்லிலிருந்து ஓடி ஒளிகிறேன் என்று கேட்டார். குஷி அதோடு போயிற்று.

பள்ளியின் சிலேட்டுகளை எடுத்து ஆளுக்கொன்று கொடுத்தார். எதைக் கண்டால் உங்களுக்கு ஆகாதோ அதை எழுதுங்கள் என்றார். நான் ‘திக்குவாயன்’ என்று எழுதினேன். ஆசிரியை அந்தச் சிலேட்டைப் பிடித்து என் முகத்தை நோக்கித் தள்ள வேண்டும், நான் எதிர்த்துத் தள்ள வேண்டும். பள்ளிக்கூடத்தில் அந்தப் பெயரோடு என்னைத் துரத்தியவர்கள் எல்லோரையும் சேர்த்துத் தள்ளினேன். தோள் கடுத்தது. பிறகு அதை வாங்கி மடியில் வைத்துக்கொள்ளச் சொன்னார் டாக்டரம்மா. வைத்தேன். எழுத்து அப்படியே இருந்தது, படிக்கப் படிக்கக் கூசியது. ஆனால் இரண்டு கையும் சும்மா இருந்தன. அந்தக் கைகளால் என்ன செய்யலாம் என்று யோசித்துவிட்டு வாருங்கள் என்று அனுப்பினார். கூடவே எனக்கு ஒரு வீட்டுப்பாடம்: ஊர்ப் பெயரைச் சொல்லியே டிக்கெட் வாங்க வேண்டும்.

அன்றைக்கு பஸ்ஸில் கூட்டம். கண்டக்டர் என்னிடம் வந்தார். “ம...” என்று ஆரம்பித்தேன். உதடு ஒட்டிக்கொண்டது. “எங்க போணும், சீக்கிரம் சொல்லு நைனா” என்றார் அவர். பின்னால் யாரோ சிரித்தார்கள். எஸ்டேட் என்ற சொல் தயாராக நாக்கில் வந்து நின்றது. அதை விழுங்கினேன். கடைசியில் மண்ணூர்பேட்டை வந்தது, துண்டு துண்டாக. அவர் டிக்கெட்டைக் கிழித்துக் கொடுத்துவிட்டு அடுத்த ஆளைப் பார்க்கப் போனார். வெட்கம் வீடுவரைக்கும் என்னோடு வந்தது. நடக்க வேண்டிய தூரம்தான் குறைந்தது.

கடைசி வாரங்களில் ஒவ்வொருவரும் ஒரு நிஜ ஆளைப் பார்க்க வேண்டும். டாக்டரம்மா பின் பெஞ்சில் உட்கார்ந்து கவனிப்பார். எனக்கு வந்தவர் எஸ்டேட்டில் லேத் ஓட்டும் இளைஞர், வீடு வேப்பம்பட்டு. ஒருநாள் காலைக் கூட்டத்தில் ரயிலில் மூச்சு முட்டியதிலிருந்து ரயில் ஏறுவதில்லை. பஸ் மாறி மாறி வந்து தினமும் தாமதம். வேலை போய்விடும் நிலை என்றார். நான் கேட்க வேண்டியது ஒரே கேள்வி: பயம் வரும்போது என்ன செய்கிறீர்கள்? அச்சம் என்று கேட்டிருக்கலாம். அந்த இளைஞரிடம் போய் யார் அச்சம் என்று கேட்பார்கள்? “ப...” என்று ஆரம்பித்து நின்றேன். பின் பெஞ்சைத் திரும்பிப் பார்க்கத் தைரியம் இல்லை.

அவர் என் வாயையே பார்த்துக்கொண்டிருந்தார்.

“நிதானமா சொல்லுங்க சார். எனுக்கும் ரயில்ல இப்டித்தான் மாட்டிக்கும்.”

சொல்லி முடித்தேன். அவர் பேச ஆரம்பித்தார். நடுநடுவே வார்த்தை கிடைக்காமல் நின்றார். நான் எடுத்துக் கொடுக்கவில்லை, கவலைப்படாதீர்கள் என்றும் சொல்லவில்லை. அவர் போனபின் டாக்டரம்மா, அடுத்த வாரம் பார்ப்போம் என்று மட்டும் சொல்லிவிட்டுப் பையை எடுத்துக்கொண்டார். அந்தப் ‘பார்ப்போம்’ எனக்கு நல்லதாகப் படவில்லை. நம் கதை முடிந்தது, இனி ஃபைல்தான் என்று அந்த வாரம் முழுக்க மூஞ்சியைத் தூக்கி வைத்துக்கொண்டிருந்தேன்.

அடுத்த ஞாயிறு வகுப்பு நடந்துகொண்டிருந்தது. பள்ளியைப் பெருக்கும் ஆயா வாசலில் வந்து நின்றார்.

“வேப்பம்பட்டுலேந்து ஒரு ஆளு வந்துகீறாரு. பேரு தெரிலயாம். திக்கித் திக்கிப் பேசுவாரே ஒரு சாரு, அவராண்டதான் பேசணும்ன்றாரு.”

யாரும் என்னைப் பார்க்காமல் இருக்கப் பாடுபட்டார்கள். காது மடல் சுட்டது. எந்தப் பெயருக்காகப் பள்ளி மைதானத்தில் ஓடினேனோ, அதே பெயரைச் சொல்லி ஒருவர் என்னைத் தேடி வந்திருக்கிறார். அவமானமாகத்தான் இருந்தது. அதைவிடச் சந்தோஷமாக இருந்தது. டாக்டரம்மா கதவுப் பக்கம் தலையை ஆட்டினார்.

நான் எழுந்து நின்றேன். என்றைக்கும் தகராறு செய்யாத ‘ந’கூட அன்றைக்கென்று மாட்டிக்கொண்டது. டீச்சர் உதட்டைக் கடித்துக்கொண்டு காத்திருந்தார்.

“ந... ந... நான்தான்” என்றேன்.